இரண்டு மணி ஐந்து நிமிடம்

போன வாரம் என் செல்போனைச் சுவரில் ஓங்கி எறியப் போனேன். வீட்டுக்காரர் குறுக்கே வந்து பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ‘அது என்ன செஞ்சுது உனக்கு?’ என்று கேட்டார்.

என்ன செய்ததா? சொல்கிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று நம்பி வருகிறவர்கள் இந்த ஒரு வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வயிறு எரிகிறது... எழுதித் தீர்த்தால்தான் அடங்கும்.

குலசேகரத்தில் என் பெரியம்மா மகள் ரோஸி அக்கா இருக்கிறாள். அவள் கணவர் ஞானமுத்து அத்தான் ரப்பர் ஷீட் வியாபாரி. இரண்டு பிள்ளைகள். மகன் ஜெபின் அப்பாவோடு கடையில் இருக்கிறான். மகள் ஷீபா மும்பையில் நர்ஸ். கல்யாணமாகி அங்கேயே குடும்பம், குழந்தைகள், பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது. அத்தான் ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். தினமும் மாலையில் ஷீபா போன் போட்டு, ‘அப்பா, மருந்து குடிச்சியளா?’ என்று கேட்பாள். குடிக்காவிட்டாலும் ‘குடிச்சேன் மோளே’ என்பார் அவர்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தான் போய்விட்டார். ஆறு மணிக்கு ரோஸி அக்காவே மகளுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். நாகர்கோவிலிலிருந்து நாங்கள் இருவரும் ஏழரைக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு ஆண்கள் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் எப்போதும் இப்படித்தானே? அழுகிற துறை ஒருவருக்கு, நிர்வாகத் துறை இன்னொருவருக்கு. நிர்வாகத்தில் முன்னால் நின்றது சாம் அண்ணன். அத்தானின் தம்பி, சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். நல்ல மனுஷன்தான், பொல்லாதவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

‘நாளைக்குச் சபையில ஒரு கல்யாணம் கெடக்கு. அதுக்க எடையில நம்ம காரியத்த வைக்க முடியாது. இன்னைக்கே அடக்கிரணும். நாலு மணின்னா செரியா இருக்கும்’ என்றார்.

‘ஷீபா வரண்டாமா அண்ணே?’ என்று கேட்டேன்.

‘வரட்டும். ஆரு வரண்டாம்னு சொன்னா? மும்பைல இருந்து பிளைட்டுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? நீ பத்திரிகையில எழுதுகவதானே, கொஞ்சம் பாத்துச் சொல்லு.’

பத்திரிகையில் எழுதுகிறவள் என்று சொன்னதும் எனக்கு உடனே ஒரு மிடுக்கு வந்துவிட்டது பாருங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் தேடினேன். இரண்டு நகரங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்கிற பக்கங்கள் ஆயிரம் இருக்கின்றனவே, அதில் ஒன்று வந்தது. பத்துப் பேர் கேட்க, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தேன்: ‘மும்பை – திருவனந்தபுரம். தூரம் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம்.’

‘கேட்டியளா! ரெண்டு மணிக்கூரு!’ என்று சாம் அண்ணன் எல்லாரையும் பார்த்தார். ‘இப்ப மணி ஏழரை. பைய ஒம்பதுக்குக் கெளம்பினாலும் பதினொண்ணுக்கு எறங்கிருவா. வந்து குளிச்சிட்டு, அப்பனுக்கப் பக்கத்துல நாலு மணிக்கூரு இருக்கலாம். நாலு மணி தாராளம்.’

எனக்கும் தாராளமாகத்தான் பட்டது. தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்... ஆட்டினேன்.

பத்தாவது நிமிடம் ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். ‘...கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னாரின் அடக்க ஆராதனை இன்று மாலை நான்கு மணிக்கு...’ என்று அது சந்திப்பு சந்திப்பாகச் சொல்லிக்கொண்டு போயிற்று.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த மைக்கின் மகிமை தெரியாது. எங்கள் பக்கத்தில் மைக் போய்விட்டால் போனதுதான். கல்யாண முகூர்த்தம்கூட அரை மணி முன்னே பின்னே ஆகலாம். சாவுக்கு மைக் சொன்ன நேரம் மட்டும் அசையாது. மாற்றிச் சொன்னால் என்ன? இன்னொரு தடவை ஆட்டோவை அனுப்பினால் தீர்ந்தது. ஆனால் மாட்டார்கள். நேரம் மாறினால், ‘என்னமோ சொத்துத் தகராறு போல, பெட்டிய எடுக்க விடல்லியாம்’ என்று மறு நிமிடமே டீக்கடையில் பேச்சு ஓடும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே குடும்பங்கள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழுகின்றன.

மைக் போன பிறகுதான் ஜெபின் தங்கைக்குத் தகவல் அனுப்பினான். அதுவும் போன் போட்டுப் பேசவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. ‘ஷீபா, நாலு மணிக்கு அடக்கம். வந்துரு.’ அவ்வளவுதான். கொரியர் அனுப்புகிறவன்கூட இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவான்.

இப்போது அந்த இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன்.

யாருடைய நேரம் அது? எனக்குத் தெரிந்தாக வேண்டும். விமானத்தின் சக்கரம் மும்பையில் தரையை விட்டு எழும்பி, திருவனந்தபுரத்தில் தரையைத் தொடுகிற வரைக்கும் உள்ள நேரம். சரி. ஓடுபாதையில் பாய் விரித்துக் குடியிருக்கிறவர்களுக்கு அது பொருந்தும். ஷீபா அங்கே குடியிருக்கவில்லையே! அவள் இருப்பது கல்யாண் என்கிற புறநகரையும் தாண்டி. அங்கேயிருந்து மும்பை விமான நிலையம் போவதே ஒரு பிரயாணம். அத்தான் செத்துக் கிடந்ததும் திருவனந்தபுரம் ஓடுபாதையில் இல்லை, குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே. எங்கள் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது. அடுத்த மாநிலத்தில் இறங்கித்தான் சொந்த ஊருக்கு வரவேண்டும். இதெல்லாம் தெரியாதவர்களா அந்த முற்றத்தில் இருந்தோம்? வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். மாதத்தில் பாதி நாள் ஏர்போர்ட்டுக்கு வண்டி பிடிக்கிற ஊர் அது. அத்தனை பேரும் தெரிந்ததை எல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஒரு போன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஷீபாவின் புதன்கிழமையைக் கேளுங்கள். அம்மாவின் போன் வந்தபோது அவள் இரவு டூட்டியில், ஐசியூவில். அப்பா இறந்துவிட்டார் என்பதற்காக ஐந்து நோயாளிகளை அப்படியே போட்டுவிட்டு ஓட முடியுமா? மாற்று நர்ஸ் வரும்வரை நின்று, ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து, எப்போது கொடுத்தது என்று ஒப்படைத்துவிட்டு எட்டு மணிக்கு வெளியே வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரடி விமானம் காலையிலேயே போய்விட்டது. அடுத்த நேரடி விமானம் சாயங்காலம்தான். பெங்களூர் போய் மாறுகிற ஒன்றில் டிக்கெட் கிடைத்தது. ஆட்டோ, மின்சார ரயில், அதில் நிற்க இடமில்லாமல் தொங்கி, மறுபடி டாக்ஸி, ஏர்போர்ட்டில் வரிசை, செருப்பைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று. பத்தே முக்காலுக்கு முதல் விமானம். பெங்களூரில் ஒரு மணி நேரம் காத்திருப்பு. ராத்திரி முழுவதும் தூங்காதவள், அப்பாவை இழந்தவள், யாரென்றே தெரியாத கூட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, வாடகைக் காரில் ஏறும்போது மணி மூன்று.

அதற்குப் பிறகு அந்த ரோடு! பாலராமபுரத்தில் நெருக்கடி. நெய்யாற்றின்கரையில் நெருக்கடி. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரை ஆகாயத்தில் கடந்து வந்தவளை ஐம்பது கிலோமீட்டர் ரோடு பிடித்து நிறுத்திவிட்டது.

நான்கு மணிக்குப் போதகர் வந்துவிட்டார். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு வெப்ராளம் தாங்கவில்லை, பதறிவிட்டேன். அப்போதுதான் அவளுக்குப் போன் போட்டேன்.

‘நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு குஞ்ஞம்மா’ என்றாள். எங்கள் பக்கம் சித்தியைக் குஞ்ஞம்மா என்றுதான் கூப்பிடுவோம். ‘வண்டி நகர மாட்டேங்குது. அப்பாவ எடுத்துராதீங்க குஞ்ஞம்மா.’

ஓடிப்போய்ச் சாம் அண்ணனிடம் சொன்னேன். ‘புள்ள வந்துட்டா அண்ணே. களியக்காவிளைய நெருங்கிட்டா. ஒரு மணிக்கூரு பொறுத்தா போரும்.’

‘எனக்கு மட்டும் ஆசையில்லியா?’ என்றார். ‘மானத்தப் பாரு. மழ பிடிச்சா குழியில வெள்ளம் நெறஞ்சிரும். பின்ன அண்ணன வெள்ளத்துலயா எறக்க? நாலு மணின்னு ஊரெல்லாம் மைக் சொல்லியாச்சு. சனம் வந்து நிக்குது. போதகருக்கு வேற சபையிலயும் ஜெபம் உண்டு.’

‘அவளுக்க அப்பனாக்கும் அண்ணே!’

‘மண்ணு போட மவன் நிக்கானே’ என்றார்.

சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் வார்த்தை வந்துவிட்டதே.

அதே சபையில், இரண்டு வருடம் இருக்கும், இன்னொரு வீட்டுச் சாவு. மகன் வளைகுடாவில். அவன் விசா, அவன் முதலாளி, அவன் விமானம் என்று மூன்று நாள்... முழுசாக மூன்று நாள் உடலைப் பிணவறையில் வைத்துக் காத்திருந்தார்கள். ‘மவன் வராம எடுக்க முடியுமா?’ என்று ஊரே சொன்னது. மைக்கும் மூன்றாவது நாள்தான் போனது. அன்றைக்கு யாரும் செல்போனில் பறக்கும் நேரம் பார்க்கவில்லை. அவனிடம் கேட்டார்கள், அவன் சொன்ன நாளை வைத்தார்கள். மகனுக்கு மூன்று நாள் பொறுத்த ஊருக்கு மகளுக்காக ஒரு மணி நேரம் பொறுக்க முடியவில்லை. என்ன நியாயம் இது?

இன்னும் இருக்கிறது, கேளுங்கள்.

கூட்டத்தில் யாரோ ஒரு புத்திசாலி, ‘வீடியோ கால்ல காமிச்சிரலாமே!’ என்றார். எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. என்ன அருமையான யோசனை! ஜெபினின் போனை என்னிடம் கொடுத்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அத்தானின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன். திரையில் ஷீபா தெரிந்தாள். காரின் பின்சீட்டில், நர்ஸ் உடுப்புக்கு மேல் ஒரு ஷால். பின்னால் லாரி ஹாரன்.

‘அப்பா...’ என்றாள்.

அவ்வளவுதான். படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. ‘குஞ்ஞம்மா, தெரியல்ல... முகம் தெரியல்ல... கொஞ்சம் கிட்ட...’ நான் கிட்டே கொண்டுபோனேன். தள்ளிப் பிடித்தேன். இந்தப் பக்கம் வந்து நின்றேன். ‘தெரியல்ல குஞ்ஞம்மா, ஒண்ணும் தெரியல்ல.’

‘பாத்தாச்சுல்லா?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். ‘செரி, மூடுங்க.’

‘பாக்கல்ல! அவ பாக்கல்ல!’ என்று நான் கத்தினேன். சாவு வீட்டில் கத்துகிறவர்களை யார் தனியாகக் கவனிப்பார்கள்? அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். பெட்டியை மூடினார்கள். மணி நாலரை. ரோஸி அக்கா, ‘எனக்க மோளு வரல்லியே, எனக்க மோளு வரல்லியே’ என்று மூடிய பெட்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டாள். அவளையும் நகர்த்தினார்கள்.

ஐந்து மணிக்கு மண் போட்டார்கள். மழையா? கறுத்த மேகம் அப்படியே மலையோடு போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

ஐந்து இருபதுக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் கார் வந்து நின்றது. ஷீபா இறங்கி ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தாள். மண்மேட்டையும் அதன் மேல் கிடந்த மாலைகளையும் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து, மாலைகளை ஒதுக்கி, புது மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கூட்டத்தில் முக்கால்வாசி அதற்குள் கலைந்து போயிருந்தது.

சாம் அண்ணன் பக்கத்தில் வந்து, ‘ரெண்டு மணிக்கூர்தானே மக்ளே... கொஞ்சம் வெள்ளனே கெளம்பியிருக்கலாம்லா?’ என்றார். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார்.

அவள் இன்னொரு மாலையை ஒதுக்கினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ‘அண்ணே, வாய மூடிட்டுப் போங்க’ என்றேன். சாம் அண்ணனை நான் அப்படிப் பேசியது வாழ்க்கையிலேயே முதல் தடவை. அதன் பிறகு அவரும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம்.

அன்றைக்கு வீடு திரும்பிய பிறகுதான் நான் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் திறந்தேன். அதே மும்பை, அதே திருவனந்தபுரம், அதே இரண்டு மணி ஐந்து நிமிடம், கீழே ஒரு குட்டி விமானப் படம். அப்போதுதான் எறியப் போனேன். வீட்டுக்காரர் பிடுங்கியது நல்லதுதான். போன் பொய் சொல்லவில்லையே. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது. தப்பான இடத்தில் கேட்டது நான்.

இதில் நம் எல்லாருக்குமே பங்கு இருக்கிறது. வெளியூரில் இருக்கிற பெண் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம் – ‘பிளைட்ல ஏறினா ரெண்டு மணி நேரந்தானே, வந்துட்டுப் போயேன்’ என்று? சீமந்தத்துக்கு வா, பால் காய்ச்சுக்கு வா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வந்து கூட இரு. எல்லாம் இரண்டு மணி நேரம்தான். லீவு கேட்டு மேலதிகாரி முன்னால் நிற்பது கணக்கில் வராது. குழந்தையை யாரிடம் விடுவது என்று அலைவது கணக்கில் வராது. வரவில்லை என்றால் மட்டும், ‘ரெண்டு மணி நேரம் வர முடியல்லியா அவளுக்கு?’ இப்படிக் கேட்டவர்களில் நானும் உண்டு. என் சொந்த மகளிடமே கேட்டிருக்கிறேன். போன வாரம் அவளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ‘அம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?’ என்று பயந்துவிட்டாள்.

ஆறாம் நாள் ஷீபா மும்பைக்குக் கிளம்பினாள். ஏர்போர்ட் வரைக்கும் நான் கூடப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அந்த ரோட்டை அவளோடு ஒரு தடவை முழுக்கப் போய்ப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. அதே மார்த்தாண்டம், அதே களியக்காவிளை, அதே நெருக்கடி.

பாலராமபுரம் நெருக்கடியில் வண்டி நின்றபோதுதான் நான் வாயைத் திறந்தேன். ‘மக்ளே, அன்னைக்கு ரெண்டு மணி நேரம்னு பாத்துச் சொன்னது நானாக்கும். தலையாட்டினதும் நான்தான். என்ன மன்னிச்சிரு.’

‘தெரியும் குஞ்ஞம்மா. அண்ணன் சொன்னான்’ என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘எவ்வளவு நேரம் ஆகும்னு நீயாவது காலையிலேயே ஜெபினுக்குச் சொல்லியிருக்கலாமே மக்ளே?’

‘நாலு மணிக்கு அடக்கம், வந்துருன்னு முடிச்சே சொல்லியாச்சே குஞ்ஞம்மா. அதுக்க மேல நான் என்னத்தச் சொல்ல? அவளுக்காவ ஊர நிறுத்தி வைக்கணுமான்னு பேச்சு வரும். கேக்கப் போறது அம்மாதான்.’

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

‘டிக்கெட் போட்ட ஒடனயே ரயில்ல நின்னு கணக்குப் பாத்துட்டேன் குஞ்ஞம்மா. அஞ்சேகால் ஆவும்னு அப்பவே தெரியும். ஆராவது கூப்பிட்டு, எத்தன மணிக்கு வருவன்னு கேட்டா சொல்லிரலாம்னு, பெங்களூர் வரைக்கும் போன கையிலயே வச்சிருந்தேன்.’

யாரும் கேட்கவில்லை. நானும்தான்.